கடிபடாத தொப்பி

கொன்ராடுக்கு எதையும் கேட்டு வாங்கத் தெரியாது. கோபன்ஹேகனுக்கு வடக்கே, கடலைப் பார்த்த பெரிய வீடுகளில் ஒன்றில் பிறந்து, படகும் பனிச்சறுக்கு விடுமுறையும் கேட்காமலே கிடைத்து வளர்ந்த பிள்ளைக்குக் கேட்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? விருந்துகளில் நண்பர்கள் ஆடப் போனால், அவர்களுடைய கோட்டுகளை மடியில் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பான். எவனாவது குடித்துவிட்டு வாந்தியெடுத்தால் நெற்றியைத் தாங்கிப் பிடிப்பான். தங்கமான பையன் என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். சொல்லிவிட்டுத் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவன் தலையிலேயே கட்டிவிடுவார்கள்.

பத்தொன்பது வயது வரை அவன் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. அதை மால்டேயிடம் கேட்டான்.

மால்டேயைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். அழகன். கலகலப்பானவன். அவன் உள்ளே வந்தால் அதுவரை செத்துக் கிடந்த விருந்துக்கு உயிர் வரும். ஒன்றாம் வகுப்பிலிருந்து கொன்ராடின் பக்கத்து இருக்கை, படகுச் சங்கத்தில் பக்கத்துத் துடுப்பு. போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் மால்டே குடும்பத்தின் கோடை வீட்டுக்கு இருவரும் தனியாகப் போனார்கள். கணப்பு வேலை செய்யவில்லை. ஒரே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, விடிய விடியப் பேசினார்கள். திரும்பி வரும்போது அவர்கள் வெறும் நண்பர்களாக இல்லை.

அதன் பிறகு மால்டே கொன்ராட் வீட்டுக்கு வாசல் வழியாக வருவதை விட்டுவிட்டான். தோட்டத்து வேலியைத் தாண்டி, சமையலறைக் கதவு வழியாக வந்தான், திருட்டுப் பூனை மாதிரி. வந்தபடியே போனான். வெளியில் பார்க்கும்போது கொன்ராடின் முதுகில் ஓங்கி ஒரு அறை அறைந்து, "என்னடா கிழவா!" என்பான். அந்த அறை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பலமாகத்தான் விழுந்தது.

ஊருக்குப் பயந்தானா? எந்த ஊருக்கு? இந்த ஊரில் இரண்டு ஆண்கள் கல்யாணம் செய்துகொண்டு, வாசலில் கொடியேற்றி, கேக் வெட்டுகிறார்கள். யாரும் யார் தலையையும் வாங்குவதில்லை. மால்டே பயந்தது சிரிப்புக்கு. வகுப்பில் கூடப் படிக்கிற இருபத்தைந்து பேரும் இனி தன்னோடு சேர்ந்து சிரிக்காமல் தன்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்கிற பயம். அப்பா யெஸ்பரின் முகம் ஒரு நொடி எப்படிப் போகும் என்கிற பயம். அந்த ஒரு நொடிக்காக ஒன்றரை வருஷம் வேலி தாண்டினான்.

"உங்க வீட்ல சொல்லிடேன்" என்று மே மாதத்தில் கொன்ராட் கேட்டான். கேட்டுவிட்டு அவனுக்கே வியர்த்துவிட்டது.

மால்டே சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். அப்புறம், "லாரி நாள் அன்னிக்குச் சொல்றேன். எங்க வீட்டு வாசல்ல, எல்லார் முன்னாடியும். போதுமா?" என்றான்.

கடைசித் தேர்வு முடிந்ததும் வகுப்பே வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, இலைக்கொத்து கட்டிய லாரியில் ஏறி, ஒவ்வொருவர் வீடாகப் போய்த் தின்று குடித்துக் கூத்தடிக்கும் நாள் அது. தொப்பிக்கென்று சில சடங்குகள் உண்டு. அதில் ஒன்று, முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு விளிம்பை நெருங்கிய நண்பன் பல் பதியக் கடிப்பது. அந்தத் தடத்தை ஆயுசுக்கும் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

"ஆனா ஒண்ணுடா" என்று மால்டே கொன்ராடின் காதருகே வந்து சொன்னான். "உன் தொப்பிய மட்டும் நான் கடிக்க மாட்டேன். அது ஃப்ரெண்ட்ஸ் கடிக்கறது."

கொன்ராடுக்கு அது போதும். அன்றிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷம் தாங்காமல்தான் அம்மாவிடம் சொல்லித் தொலைத்தான். அம்மா பிர்கிட்டே வழக்கறிஞர். கணவர் பிரிந்து ஜெனீவா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. சமையலறையில் ஸ்ட்ராபெர்ரி நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதாடா? வேலியோரம் என் ரோஜாச் செடி பூரா மிதிபட்டுக் கிடக்கு. இங்க என்ன காட்டுப்பன்னியா வருது?"

"அம்மா!"

"சரி சரி. நான் வாயத் திறக்கல."

"லாரி நமக்கு முன்னாடி அவங்க வீட்டுக்குப் போகும்மா. அங்க அவன் சொல்லிடுவான். அப்புறம்தான் நம்ம வீடு. அதுக்கப்புறம் நீ என்ன வேணும்னாலும் சொல்லிக்கோ." சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கத்தோடு, "அவன் என் தொப்பியக் கடிக்க மாட்டானாம்மா. அது ஃப்ரெண்ட்ஸ் கடிக்கறதாம்" என்றான்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையின் முகத்தை இவ்வளவு வெளிச்சமாக அவள் பார்த்ததே இல்லை.

ஜூன் கடைசியில் லாரி நாள் வந்தது. காலையிலிருந்து விசில், டமாரம் அடிக்கிற பாட்டு, எதிரே வருகிற கார்களெல்லாம் ஹாரன். கடற்கரையில் லாரியை நிறுத்தி, மொத்தக் கூட்டமும் உடுத்திய உடுப்போடு படகுத்துறையிலிருந்து தண்ணீரில் குதித்தது. கொன்ராடும் குதித்தான். மேலே வந்த பிறகுதான் கால்சட்டைப் பையில் போன் இருந்தது ஞாபகம் வந்தது. அது செத்துப் போயிருந்தது. போனால் போகட்டும், இன்றைக்கு யாருக்குப் போன் வேண்டும் என்று சிரித்தான்.

வகுப்பின் வாயாடி பெர்ட்ராம் அவனுடைய தொப்பியைப் பிடுங்கிப் பார்த்தான். "டேய், இங்க பாருங்கடா! மத்தியானம் தாண்டிடுச்சு, இவன் தொப்பியில ஒரு பல்லு கூடப் படல! உனக்கு ஃப்ரெண்டே இல்லையாடா? பாவம்டா நீ. நான் வேணா கடிக்கட்டா?"

"வேணாம், குடு" என்று கொன்ராட் பிடுங்கிக்கொண்டான். லாரியின் முன்பக்கம் மால்டே கம்பியில் தொற்றிக்கொண்டு நின்றான். அவன் தொப்பியை ஆளாளுக்குக் கடித்துக் குதறி வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் பார்த்து மால்டே லேசாகக் கண்ணடித்தான். கொன்ராட் தொப்பியைத் தலையில் அழுத்தி வைத்துக்கொண்டான்.

லாரி நாளில் எந்த லாரியும் நேரத்துக்குப் போனதில்லை. இதுவும் ஒரு மணி நேரம் தாமதம். கடற்கரைச் சாலை திரும்புகிற இடத்தில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, சைக்கிள் பந்தயம் நடக்கிறது, சாலை அடைத்திருக்கிறது, மேட்டுப் பக்கம்தான் போக முடியும் என்றார்.

"அப்போ கொன்ராட் வீடு முன்னாடி, மால்டே வீடு கடைசி!" என்று பெர்ட்ராம் கத்தினான். கூட்டம் ஓவென்றது.

கொன்ராடுக்குச் சுரீரென்றது. ஒரு மணி நேரம் தாமதமானாலும், வீட்டு வரிசை மாறிவிட்டதால் அம்மா எதிர்பார்த்த நேரத்துக்குச் சரியாகத்தான் லாரி போய் நிற்கும். மால்டே வீட்டிலிருந்து வருகிறார்கள் என்றுதான் அவள் நினைப்பாள்.

"பெர்ட்ராம், உன் போனக் கொஞ்சம் குடேன். அம்மாகிட்டப் பேசணும்."

"இந்தா. நம்பர் சொல்லு."

நம்பர்! அம்மா நம்பர் எவனுக்கு மனப்பாடம்? கொன்ராட் போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆடுகிறவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்பக்கம் போனான்.

"மால்டே! அம்மாவுக்குத் தெரியும்டா! நான் சொல்லிட்டேன்!"

மால்டே விசிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. பாட்டுச் சத்தத்தில் காதைத் தொட்டுக் காட்டி, அப்புறம் சொல் என்று கையாட்டினான். லாரி மேடேறித் திரும்பியது. வீட்டு வாசலில் கொடி ஏறியிருந்தது.

நிற்பதற்கு முன்பே கொன்ராட் குதித்தான். ஆனால் பிர்கிட்டே ஏற்கெனவே படியில் நின்று, கோப்பையைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். நீலப் பட்டுச் சட்டை போட்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எல்லாருக்கும் வாழ்த்துகள். அதிகம் பேச மாட்டேன், உங்களுக்குப் பசி" என்று ஆரம்பித்தாள். "என் பையன் எதையும் கேக்க மாட்டான். அவனுக்கு வேண்டியத நாமளே கண்டுபிடிக்கணும். அத ஒருத்தன் கண்டுபிடிச்சிருக்கான். மால்டே, எங்கப்பா இருக்க? இனிமே நீ இந்த வீட்டுக்கு வேலி தாண்டி வர வேண்டாம். வாசல் வழியாவே வா. நீயும் என் பையன்தான்."

லாரியில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதையும் நிறுத்தினார்கள்.

"அய்யய்யோ!" என்றான் பெர்ட்ராம். "என்னடா இது, நிச்சயதார்த்தமா? சொல்லவே இல்ல!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை அது. ஒருத்தி கைதட்டக்கூட ஆரம்பித்தாள். மால்டே அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சும்மா நின்றிருந்தாலும் போதும். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். படுபாவி, அவன் சிரித்தான். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தான்.

"பிர்கிட்டே, உங்க பையன் உங்கள நல்லா ஏமாத்திருக்கான்! டேய் கொன்ராட், என்னடா சொல்லி வெச்சிருக்க?"

அத்தனை கண்களும் கொன்ராட் பக்கம் திரும்பின. அவன் மால்டேயைத்தான் பார்த்தான். மால்டேயின் உதடு சிரித்தது, ஆனால் பீர் டப்பா அவன் பிடியில் நசுங்கிப் போயிருந்தது. வாந்தியெடுக்கிறவனின் நெற்றியைப் பிடித்துப் பழகியவன் இல்லையா, கை தானாக நீண்டுவிட்டது.

"சும்மா சொன்னேன்மா. விளையாட்டுக்கு. நீ நம்புவியான்னு பாத்தேன்" என்றான்.

பிர்கிட்டே கோப்பையை இறக்கினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மேஜை விரிப்பைப் பார்த்தார்கள். "அப்படியா" என்றாள். "சரி. சாப்பிடுங்க எல்லாரும், ஆறிடும்."

உள்ளே, சமையலறையில், அவள் குழாயைத் திறந்துவிட்டு அதற்கு முன்னால் நின்றிருந்தாள்.

"எதுடா பொய்? அன்னிக்குச் சொன்னதா, இன்னிக்குச் சொன்னதா?"

கொன்ராட் எட்டிக் குழாயை மூடினான்.

"நீ போகாத. இங்கயே இரு."

"போகணும்மா. அவன் அங்கதான சொல்றேன்னான். இங்க திடீர்னு ஆயிடுச்சு, அவன் என்ன பண்ணுவான்? அவங்க வீட்டு வாசல்ல சொல்லுவான்."

அம்மாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிள்ளையின் நம்பிக்கையைப் பிடுங்க மனமில்லாமல், ஈரக் கையால் அவன் தொப்பியைச் சரியாக வைத்து அனுப்பினாள்.

மால்டேயின் வீட்டில் புல்தரை கடல்வரை இறங்கியது. யெஸ்பர் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கட்டித் தழுவி வரவேற்றார். நல்ல மனிதர்தான், உரத்த குரல்காரர். "எங்கடா என் பையன்? ஏறு மேஜை மேல! ரெண்டு வார்த்த பேசு!" என்றார்.

மால்டே ஏறினான். கூட்டம் அமைதியானது. "நான் ஒருத்தனப் பத்திச் சொல்லணும்" என்று தொடங்கினான். கொன்ராட் மேஜைப் பக்கம் நகர்ந்தான். சொல்லப்போகிறான். பார்த்தாயா அம்மா, சொல்லப்போகிறான்.

"இன்னிக்கு ஒரு விளையாட்டு நடந்துச்சு, பாத்தீங்கல்ல? எனக்குக் கோபமே இல்ல. ஏன்னா இவன மாதிரி ஒருத்தன் எனக்குக் கிடைக்க மாட்டான். கொன்ராட், மேல வாடா!"

எல்லாரும் சேர்ந்து அவனைத் தூக்கி மேஜை மேல் ஏற்றினார்கள். மால்டே அவன் தலையிலிருந்து தொப்பியை எடுத்தான். எடுத்து, கறுப்பு விளிம்பை வாய்க்குள் வைத்து, அழுத்திக் கடித்தான்.

"என் பெஸ்ட் ஃப்ரெண்ட்!"

ஒரே கைதட்டல். யெஸ்பருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "இவன் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன் நீதாண்டா! வேற எவனும் கிடையாது!" என்று கொன்ராடின் காலைக் கட்டிக்கொண்டார்.

தொப்பியைத் தலையில் வைக்கிற சாக்கில் மால்டே காதருகே குனிந்தான். "இப்போ சரியாயிடுச்சுடா. இனிமே யாருக்கும் சந்தேகமே வராது" என்று கிசுகிசுத்தான். தான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக எதையோ காப்பாற்றிவிட்டதாக நினைத்தான், மடையன்.

"திருப்பிக் கடி! திருப்பிக் கடி!" என்று கீழே கூட்டம் கூவியது.

கொன்ராட் மால்டேயின் தொப்பியை வாங்கிக்கொண்டான். ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தான். காலையிலிருந்து கடித்த கடியில் விளிம்பு கிழிந்த செருப்பு மாதிரி இருந்தது.

"ஓரத்துல கொஞ்சம் இருக்குடா!" என்றான் பெர்ட்ராம்.

"இல்ல. எனக்கு இடம் இல்ல" என்று சொல்லி, அதை மால்டேயின் தலையில் வைத்துவிட்டு இறங்கினான். அதை நகைச்சுவை என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். கோட்டுகள் குவிந்து கிடந்த நாற்காலியைக் கடந்து வெளிக்கதவுக்குப் போனான். யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவான் என்றே நினைத்திருப்பார்கள். மால்டே மட்டும் பார்த்தான். பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டான்.

வீடு வரை நடந்தே போனான். வெயில் இன்னும் இறங்கவில்லை. வெள்ளைத் தொப்பியைப் பார்த்துக் கார்க்காரர்கள் ஹாரன் அடித்து வாழ்த்திக்கொண்டே போனார்கள். ஒவ்வொருவருக்கும் கையாட்டினான். பழக்கம்.

பிர்கிட்டே வாசலில் காலிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி வைத்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொப்பியின் விளிம்பில் பட்ட அவள் விரல் அங்கேயே நின்றது. புதுத் தடம், ஆழமாக விழுந்திருந்தது.

"யாருடா கடிச்சது?"

"ஃப்ரெண்டும்மா" என்றான் கொன்ராட்.