நாத்தனாரின் சிவப்பு அட்டை

என் நாத்தனார் குழந்தைகளுக்குச் சந்தோஷம் கற்றுக்கொடுக்கிறவள். அவள் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அது வேறு விஷயம்.

பல் டாக்டரிடம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள், ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் நுனிப்புல் மேய்ந்துவிட்டு வந்து, வீட்டுக் கார் ஷெட்டில் மழலையர் பள்ளி ஆரம்பித்தாள். 'எழுத்தும் கற்பிப்போம், மனசையும் பக்குவப்படுத்துவோம்' என்று வாசலில் போர்டு. பழுக்கவைக்க மனசென்ன மாங்காயா?

குழந்தை எழுத்துக் கூட்டக் கூடாதாம். சொல்லை மொத்தமாகப் பார்த்தே படிக்க வேண்டுமாம். அதற்குத்தான் அட்டைகள். பச்சையில் 'பந்து', நீலத்தில் 'பால்', சிவப்பில் 'மகிழ்ச்சி'. படம் கிடையாது.

"படம் போட்டா மூளை சோம்பேறி ஆயிடும் அண்ணி" என்பாள். அவள் மூளைக்கு யார் படம் போட்டார்களோ.

"தங்கச்சி ஸ்கூல் இருக்கும்போது வேற எங்க?" என்று என் கணவர் எங்கள் நாலு வயது மகளையும் அங்கேயே சேர்த்தார். கொஞ்ச நாளில் அவள் கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டாள். நகம் கறுத்துவிட்டது. ஆனால் அழவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் ஓடிப்போய் விரலைத் தண்ணீரில் பிடித்தேன். நாத்தனாருக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா அண்ணி? எல்லாம் நம்ம பயிற்சி!"

ஒன்றாம் வகுப்பும் தொடங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசை என்ன, உயிரே அதில்தான். பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்துக் காட்டி, சூட்டோடு சூடாகச் சம்மதம் வாங்கிவிடத் திட்டம் போட்டாள்.

அன்றைக்கு எல்லாரும் வந்தார்கள். பச்சை அட்டை. "பந்து!" நீல அட்டை. "பால்!" ஒரே கைதட்டல். நாத்தனார் கால் தரையில் இல்லை. சிவப்பை உயர்த்தினாள்.

"வாயை மூடு!" என்று அத்தனை குழந்தைகளும் ஒரே குரலில் படித்தார்கள்.

"செல்லங்களா, நல்லாப் பாருங்க..."

"வாயை மூடு!" இந்த முறை உதட்டில் விரலும் வைத்துக்கொண்டார்கள். என் மகளும்தான்.

ஒரு அப்பா சிரித்துவிட்டார். அவர் மகன்தான் குட்டை உடைத்தான். "அழுதா மிஸ் இதத்தான்ப்பா மூஞ்சிக்கு நேரா காட்டுவாங்க. காட்டிட்டு இப்படித்தான் சொல்லுவாங்க."

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. மகிழ்ச்சி என்று மகராசி ஒரு நாளாவது வாய்விட்டுப் படித்துக்காட்டியிருந்தால்தானே! அம்மாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

ஷெட் காலியானதும் நாத்தனார் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. அந்தக் கறுத்த நகம்தான் ஞாபகம் வந்தது.

மகள்தான் ஓடினாள். கீழே கிடந்த சிவப்பு அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் அத்தையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அதட்டவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னாள்.

"வாயை மூடு அத்தை."

நாத்தனார் மூடிக்கொண்டாள்.