பங்குனியைத் தாண்டிய ரப்பர்

சூடான கிரீஸ் வாசனை வந்தால் எனக்குக் கைவேலை ஓடாது. கார் உதிரிப்பாகங்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு இது அன்றாடத் தொல்லை. நேற்று ஓர் ஆக்ஸில் பூட் இயந்திரத்திலேயே கிழிந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முன்சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸிலின் மூட்டை மூடியிருக்கும், மடிப்பு மடிப்பான ரப்பர் உறை அது. கிழிந்தால் கிரீஸ் தெறித்துப்போய், மண் புகுந்து, மூட்டு தேய்ந்து, ஒருநாள் வண்டி நடுவழியில் நின்றுவிடும். வெப்பம், குளிர், தூசி எல்லாவற்றுக்கும் சோதனை வைத்திருக்கிறோம். உளுந்துச் செடிக்கு மட்டும் இல்லை.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் பாபநாசம் பக்கம் நெல் அறுத்த வயலில் உளுந்து போடுவார்கள். பங்குனியில் செடியைப் பிடுங்கி ரோட்டில் பரப்பிவிடுவார்கள்; போகிற வண்டிகள் மிதித்துக் காயை உடைத்துக் கொடுக்க வேண்டும். காய்ந்த கொடி ஆக்ஸிலில் சுற்றிக்கொண்டு பூட்டை அறுத்துவிடும்.

நான் படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலம். செவ்வாயும் வெள்ளியும் அப்பாவின் பழைய கார்தான் அம்மாவை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் கொண்டுபோகும். எட்டு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். உளுந்துக்கொடி பூட்டை அறுத்திருந்ததில், ஒரு செவ்வாய்க்கிழமை அய்யம்பேட்டை தாண்டி காரின் மூட்டு உடைந்தது. பால் வண்டியில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் நேரத்தில் பாதி போயிருந்தது. வெள்ளி வரை வீங்கிய காலோடு உட்கார்ந்திருந்தாள்.

உளுந்தைச் சுற்றிப் போகும்படி அப்பாவிடம் கெஞ்சினேன்.

"வெயில்ல நிக்கிறாங்கம்மா. தெரிஞ்ச வண்டியே ஒதுங்கிப் போனா என்ன நெனப்பாங்க?"

பின்சீட்டிலிருந்து அம்மா சொன்னாள்: "வாரத்துக்கு ரெண்டு தரம் இந்த வண்டி என்னயச் சுமந்துதான் தேயுது. உளுந்து மேல பழி போடாத."

இரண்டு பேரையும் திருத்த முடியாது என்று தெரிந்ததும் ரப்பரைத் திருத்தக் கிளம்பினேன். பாபநாசத்தில் வாங்கியது வெயிலில் வெடித்தது. கும்பகோணத்தில் வாங்கியது, ஆக்ஸிலைக் கழற்றாமலே சுற்றி ஒட்டுகிற வகை. ஒட்டிய இடத்திலேயே விட்டது. கார்க் கம்பெனியின் அசல் பூட்டும் உளுந்திடம் தோற்றது. எதைக் கொண்டுபோனாலும் எங்கள் ஊர் மெக்கானிக் விரலால் அமுக்கிப் பார்த்து, பங்குனி தாண்டாது என்பார்.

அம்மா மெஷினில் இருக்கும் நேரத்தில் தஞ்சாவூர்க் கடைகளில் ஏறி இறங்கினேன். கைப்பையில் வெர்னியர் அளவுகோல் இருக்கும். பெரிய வாய், சின்ன வாய், நீளம் என்று மூன்றையும் அளப்பேன்.

"அளந்து பாத்து ரப்பர் வாங்குற மொத ஆளு நீங்கதாங்க" என்றார் ஒரு கடைக்காரர். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அவர் கடையில்தான் கிடைத்தது: வேறொரு பெரிய வண்டிக்கு உரியது, நகம் பதியாத, பிளாஸ்டிக் போன்ற ரப்பர். அளவுகள் அப்படியே பொருந்தின. இரும்புப் பட்டை போட்டு இறுக்கினோம்.

அந்தப் பங்குனி முழுக்க அப்பா உளுந்து மேல் ஏற்றிக்கொண்டேதான் போனார். ஒருநாள்கூட நாங்கள் தாமதமாகவில்லை. ஐப்பசி மழையில் அம்மா போய்விட்டாள். பூட் கிழியவில்லை.

இப்போது உளுந்து அடிக்கவும் மெஷின் வந்துவிட்டது. ரோட்டில் பரப்புகிறவர்கள் குறைவு. போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தபோது ஓரிடத்தில் மட்டும் கிடந்தது. அப்பா ஏற்றினார். பின்னால் எடுத்து மறுபடி ஏற்றினார். உளுந்துக்காரப் பெண் போதும் என்று கையசைத்த பிறகும் முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். நான் மணி பார்க்கவில்லை. எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் எங்களுக்கு இப்போது இல்லை.