மூக்கு குத்தாத பூவரசன்

நல்லம்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள குரோம் பட்டறையில் ஒரு கூத்து உண்டு. பைக் உதிரிகளுக்குப் பளபளப்பு ஏற்றும் தொட்டியிலிருந்து ஆவி கிளம்பி, அங்கே நிற்கிறவர்களின் மூக்கை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். கடைசியில் நடுத்தண்டு ஓட்டையாகிவிடும். ஓட்டை விழுந்தவனை மூத்த ஆள் கோவிந்தன் மடியில் உட்காரவைத்து, தாய்மாமன் சீர் என்று ஒரு மிட்டாயை வாயில் திணித்து, 'மூக்கு குத்தியாச்சு' என்று சிரிப்பார்கள். சிரிக்காமல் வேறென்ன செய்வது? அழுதால் முதலாளி புது மூக்கு வாங்கித் தரப்போகிறாரா?

பூவரசனுக்கு மட்டும் மூக்கு குத்தவே இல்லை. ஆறு வருஷமாகத் தொட்டியடியில் நிற்கிறான். ஒரு புண் கிடையாது, ஒரு தும்மல் கிடையாது. 'இரும்பு உடம்பு' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. மற்றவன் லீவு போட்டால் அந்த ஷிப்டையும் இவனே பார்ப்பான். ஆவியை வெளியே இழுக்கும் ஃபேன் ஒன்று வேண்டும் என்று ஆட்கள் கேட்டபோது, முதலாளி பிரபாகர் இவனைத்தான் கைகாட்டினார்: இவனுக்குத் தாங்கவில்லையா என்று. இவனும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான், மடையன்.

சொந்த ஊரான கடத்தூரில் போர்க்கிணறு வற்றி, தம்பி தமிழ்மணி வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கும் அதே தொட்டியடியில் முதலாளியிடம் இடம் கேட்டான் பூவரசன். எங்க வூட்டு உடம்புங்க, அவனுக்கும் தாங்கும் என்று உறுதி சொன்னான்.

தம்பி வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில்தான் பூவரசன் தருமபுரிக்குப் போகவேண்டியிருந்தது. போன மாதம் ஓர் ஆராய்ச்சிக் குழு வந்து பட்டறை ஆட்கள் எல்லாரிடமும் ரத்தம் எடுத்துப்போயிருந்தது. முடிவைச் சொன்னது அந்தக் குழுவிலிருந்த ஷைனி என்ற பெண். அவன் ரத்த அணுக்களுக்குள் இருக்கும் மரபிழைகள் அறுந்து கிடக்கின்றனவாம், பின்னால் அது புற்றுநோயில் கொண்டுபோய் விடலாமாம். பட்டறையிலேயே அவனுக்குத்தான் அதிகமாம். ஓட்டை மூக்குக் கோவிந்தனுக்குக்கூட அவ்வளவு இல்லையாம். ரத்தம் மாறிப்போயிருக்கும் என்று பூவரசன் சாதித்தான். மறுபடியும் பார்த்தாயிற்று என்றாள் அவள்.

"வெஷம் எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. அறுந்ததை ஒட்டற வேலை உங்க உடம்புல கொஞ்சம் மெதுவா நடக்குது. அது பொறப்புலயே வர்றது."

"அப்ப என் தம்பிக்குங்க?"

இருக்கலாம், இல்லாமலும் போகலாம், சோதித்தால்தான் தெரியும் என்றாள். அவள் பேசி முடிப்பதற்குள் பூவரசன் எழுந்துவிட்டான்.

பஸ்ஸில் இடமிருந்தும் உட்கார முடியவில்லை. தம்பிக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தான். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது தெரிந்தும் அடித்தான். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏற்ற நின்றபோது கண்டக்டரிடம் சீக்கிரம் எடுக்கச் சொல்லிக் கத்தினான். கூட்டி வந்து தள்ளிவிட்டேனே, என் கையாலேயே தள்ளிவிட்டேனே என்று வாய் முணுமுணுத்தது.

பட்டறைக்குள் பழக்கதோஷத்தில் ஏப்ரனை மாட்டிக்கொண்டுதான் ஓடினான். தமிழ்மணி தொட்டிமேல் குனிந்திருந்தான். பூவரசன் அவன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து, ஷைனி சொன்னதையெல்லாம் அத்தனை பேர் முன்னாலும் கொட்டினான்.

சத்தம் கேட்டு வந்த பிரபாகர் பதறவில்லை. அப்படியானால் கோளாறு உன் உடம்பில்தான், இனிமேல் ரத்தம் பார்த்தே ஆள் எடுக்கலாம் போலிருக்கிறது என்றார். சொல்லிவிட்டு, கோவிந்தன் தோளைத் தட்டிக்கொடுத்தார். நேற்றுவரை தனக்கு விழுந்த தட்டு அது என்பது பூவரசனுக்கு உறைத்தது.

தமிழ்மணிக்கு நம்பிக்கை வரவில்லை. "உனக்குத்தான் தாங்குச்சேண்ணா?"

"தாங்கலடா. தாங்கலங்கறது எனக்கே தெரியல. நீ வூட்டுக்குப் போ."

"அப்ப நீ?" கையுறையைக் கழற்றிக்கொண்டே தமிழ்மணி கேட்டான்.

பூவரசன் தம்பி நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டான். தனக்குப் போனது போகட்டும், சம்பளமாவது மிஞ்சட்டும் என்றுதான் பஸ்ஸில் கணக்குப் போட்டு வந்திருந்தான். தம்பி அவன் முகத்தையே பார்த்தான். பிறகு கழற்றிய கையுறையை மறுபடி மாட்டினான்.

"நீ நின்னா நானும் நிப்பேன்."

தொட்டி நுரைத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூவரசன் முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய் ஏப்ரன் முடிச்சைத் தேடினான். அவசரத்தில் இழுத்ததில் முடிச்சு இன்னும் இறுகியது. தமிழ்மணிதான் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னால் வந்து அவிழ்த்துவிட்டான்.