எலிக்கு மருந்து

இந்த ஊரில் எலியைத் தூக்குவதற்குச் சான்றிதழ் வேண்டும். விளையாட்டில்லை. டென்மார்க் வந்த முதல் வாரமே மூன்று நாள் வகுப்பு நடத்தி, வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது, சில்லிட்ட கையோடு தொடக் கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்து, கடைசியில் பரீட்சையும் வைத்தார்கள். நானோ பாபநாசம் பக்கத்தில், அப்பா மூங்கில் கிட்டி வைத்துப் பிடித்த வயல் எலிகள் வரப்பில் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள். பரீட்சையில் எனக்குத்தான் முதல் மதிப்பெண். கூட வேலை செய்யும் மெத்தே என்ற பெண், எலிகளோடு முன்பே பழக்கம் உண்டா என்று கேட்டாள். "சின்ன வயதிலிருந்தே. எங்கள் வயலில் நூற்றுக்கணக்கில் உண்டு" என்றேன். அவள் கண்கள் விரிந்தன. "அத்தனைக்கும் என்ன சாப்பாடு போட்டீர்கள்?" நெல்தான் என்றேன். பொய் இல்லையே.

என் வேலை இதுதான். மூளைச் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்க, அவற்றின் மேற்பரப்பில் ஒரு வகைப் புரதம் இருக்கிறது. ஒரு விஷயம் மனசில் பதியும்போது அந்தப் பிடி இறுகுகிறது. அந்தப் புரதத்தின் ஒரு சிறு துண்டை மட்டும் அச்சு அசலாக லேப்பில் செய்கிறோம். பெப்டைட் என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரர் வராமலே, வேறு யாரோ அவர் குரலில் வாசலில் நின்று கூப்பிடுவது மாதிரி. பக்கத்துச் செல்தான் தொட்டது என்று நம்பி, மூளைச் செல் பிடியை இறுக்கிக்கொள்கிறது. இதைக் கொடுத்த எலியை, பால் போல வெளுத்த தண்ணீர் நிரம்பிய தொட்டியில் விடுவோம். தண்ணீருக்கு அடியில் ஒரு குட்டி மேடை ஒளிந்திருக்கும். நேற்று அது இருந்த இடம் ஞாபகம் இருந்தால், எலி நேரே நீந்திப் போய் ஏறிக்கொள்ளும்.

இதையெல்லாம் அப்பாவுக்குப் போனில் விளக்க முடியுமா? "எலிக்கு மருந்து குடுக்குறேன்பா" என்று சுருக்கமாகச் சொல்லிவைத்தேன். அங்கேதான் வினை. எங்கள் பக்கத்தில் எலி மருந்து என்றால் ஒன்றுதான், தின்றால் சாகும். "எம் பொண்ணு வெளிநாட்டுல எலி மருந்து கண்டுபிடிக்குது" என்று அவர் டீக்கடையில் சொல்ல, வட்டாரத்தில் எனக்கு ஏக மரியாதை. விடுமுறைக்குப் போனபோது நாலு பேர் சாம்பிள் கேட்டு வந்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னதும் அப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"ஞாபக சக்திக்கா? எலிக்கா? ஏம் பாப்பா, இருக்குற ஞாபகத்துலயே தப்பாம நம்ம வயலுக்கு வந்துருது. நீ வேற ஏத்திவிடுறியா?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

இந்தச் சம்பா பருவத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. அம்மா அழைத்தாள். அப்பா வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டு, அடைக்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டாராம். நாற்றங்கால் முழுகிப்போயிற்று. இது இரண்டாவது தடவை. மறதி நோயின் ஆரம்பம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "அந்த எலி மருந்து அப்பாவுக்கு ஆவாதாடி?" என்றாள். மனிதர்களுக்கு இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை, அதற்கு வருஷக்கணக்காகும் என்றேன். "எலிக்கு இருக்குற குடுப்பன மனுஷனுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அன்று என் எலி நேரே நீந்திப் போய் மேடையில் ஏறி, சாவகாசமாக மீசையைத் துடைத்துக்கொண்டது. அதன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஃப்ரீசரைத் திறந்து, விரல் நீளக் குப்பி ஒன்றைக் கையில் எடுத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. ஆனால் எலிக்குச் சரிப்பட்டது அப்பாவை என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. ஊரார் கேட்ட எலி மருந்தாகவே இது ஆகிவிட்டால்? குப்பியைத் திரும்ப வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். சிவந்த கண்ணைப் பார்த்த மெத்தே, "உன் எலி ஏதாவது இறந்துவிட்டதா?" என்று பதறினாள். ஊரில் நாற்று முழுகிவிட்டது என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் காபி போட்டுக் கொடுத்தாள்.

மறுபடி நாற்று விட்டிருக்கிறார்கள். இப்போது தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்பாவைக் கூப்பிடுகிறேன். அங்கே அது சாயங்காலம், மடை அடைக்கிற நேரம்.

"மடைய அடைச்சிட்டீங்களாப்பா?"

"எல்லாம் அடைச்சாச்சு. எனக்கே சொல்லித்தர்றியா?"

அதிகாரமாகத்தான் சொல்வார். அடுத்த நொடியே சேற்றில் மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்கும். காதில் விழாதவள் போல இருந்துகொள்வேன்.

நேற்று மண்வெட்டிச் சத்தம் ஓய்ந்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை. நான் லேப்பில் தொட்டியோரமாக நின்றிருந்தேன். குழாயிலிருந்து தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது.

"தண்ணிச் சத்தம் கேக்குதே பாப்பா. எங்க நிக்கிற?"

"லேப்லப்பா."

"வாய்க்கால்ல தண்ணி வேகமா வருது. கால நனைச்சுக்காத. வரப்பு மேல ஏறி நில்லு."

சரிப்பா என்றேன். சொல்லிவிட்டு, வரப்பே இல்லாத அந்த வழுவழுத்த தரையில் ஓர் அடி தள்ளி நின்றேன்.