மரத்தில் தொங்கிய போன்

ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பை நான் கெடுத்தேன். தெரியாமல் அல்ல... தெரிந்தே! ஒரு புதுப் போனுக்கு ஆசைப்பட்டு!

இதைப் படிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியாது. தெரிந்திருந்தால் நம்பவே மாட்டீர்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். பசுமை மன்றமும் என் பொறுப்புதான். குப்பையைக் கண்டால் எனக்குச் சாமி வந்துவிடும் என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். உண்மைதான், வரும்!

அதிலும் பழைய போன் என்றால் கேட்கவே வேண்டாம். பீரோவில் துணிக்கு அடியில், டிவிக்குப் பின்னால், சாமி அலமாரியில் என்று வீட்டுக்கு வீடு செத்துப்போன போன்கள் கிடக்கின்றன அல்லவா? உங்கள் வீட்டிலும் இருக்கும், இப்போதே போய்ப் பாருங்கள்! அதற்குள் ஈயமும் இருக்கிறது, பொட்டுத் தங்கமும் இருக்கிறது. குப்பையில் எறிந்தால் அந்த ஈயம் நம் கிணற்றுக்குத்தான் வரும். கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டால் உங்களுக்குக் காசு மிச்சம், மண்ணுக்கும் நல்லது.

இதைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை ஆட்டிவைத்தேன். தியாகதுருகத்திலிருந்து வரும் ஒரு மாணவி, தன் அப்பா தினமும் பேசுகிற போனையே புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அவர் பைக்கில் துரத்திக்கொண்டு வந்து வாங்கிப் போனார். அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்படிச் சிரித்தவள் செய்ததைக் கேளுங்கள்.

போன வருடம் ஜூன் மாதம், பள்ளி திறந்த புதிது. மலையில் நல்ல மழை, அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று யாரோ சொல்ல, ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் ஸ்கூட்டியில் கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். அவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவருக்கு ஓய்வு. அதையும் நான்தான் கெடுப்பேன் என்பது அவருடைய நிரந்தரக் குறை.

வெள்ளிமலைக்கு முன்னால் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். சாலையோர மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கியது. போய்ப் பார்த்தால்... உள்ளே ஒரு டச் போன்! கண்ணாடியின் மூலையில் விரிசல். அழுத்திப் பார்த்தேன், உயிரே இல்லை.

பிளாஸ்டிக்கும் மின்னணுக் கழிவும் ஒரே கிளையில்! என் கை துறுதுறுத்ததைக் கேட்காதீர்கள்! அவிழ்த்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"யாராச்சும் மாட்டி வெச்சிட்டுப் போயிருப்பாங்க சுமதி. உட்டுட்டு வா" என்றார் என் கணவர்.

"மரத்துல போய் யாராச்சும் போன மாட்டுவாங்களா? குடிச்சிட்டு இங்க வந்து ஆட்டம் போட்டவன் எவனாச்சும் உட்டுட்டுப் போயிருப்பான். நீங்க வண்டிய எடுங்க!"

அந்தக் கவரின் வாயை மழைத்தண்ணீர் புகாதபடி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். குடித்துவிட்டுத் தூக்கிப்போடுகிறவன் முடிச்சுப் போடுவானா? அறிவியல் டீச்சருக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா! தோன்றவில்லை.

இதுவரை நடந்தது தவறு. இதற்காக நான் உங்கள் முன்னால் வந்து நிற்கவில்லை. பாவம் மறுநாள்தான் தொடங்கியது.

மறுநாள் மாலை பள்ளி விட்டதும் நேராக பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற போன் கடைக்கு ஓடினேன். பழைய போன் எதுவானாலும் கொடுத்துவிட்டுப் புதிதைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பேனர் கட்டியிருந்தார்கள். அன்றைக்குத்தான் கடைசி நாள். எனக்கு ஒரு போன் மேல் எப்போதோ கண் விழுந்திருந்தது. கருநீல நிறம். எறும்பின் மீசையைக்கூட எண்ணிவிடலாம், அப்படி ஒரு கேமரா! அதை வைத்துப் பிள்ளைகளுக்கு என்னென்ன படம் காட்டலாம் என்று ஒரு மாதமாகக் கனவு. தூக்கத்தில்கூடப் படம் எடுத்தேன்!

கடைக்காரர் என் பழைய போனை வாங்கி அழுத்தினார். அது அன்றைக்கென்று பார்த்து மண்டையைப் போட்டிருந்தது.

"ஆன் ஆவலைங்களே மேடம். ஆன் ஆனாத்தான் எக்ஸ்சேஞ்சுல எடுப்போம். வேற பழசு எதனா வெச்சிக்கினு இருக்கீங்களா?"

கைப்பையில் அந்த மரத்துப் போன் இருந்தது. பள்ளியில் பழைய போன்களுக்கென்று நான் வைத்திருக்கும் பெட்டியில் காலையிலேயே போட்டிருக்க வேண்டியது. அவசரத்தில் மறந்திருந்தேன். எடுத்து நீட்டினேன். அவர் சார்ஜரில் செருகினார். சற்று நேரத்தில்... ஒளி வந்தது! என் முகத்திலும்தான்!

கடகடவென்று வேலை நடந்தது. புதுப் போனின் பெட்டியை நானே திறந்தேன். மேலே ஒட்டியிருந்த மெல்லிய தாளை நானே உரித்தேன். அந்த வாசனை... அந்த வழவழப்பு... எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் மரத்துப் போன் அடித்தது.

கடைக்காரர் அதை என்னிடம் நீட்டினார். என் போன் என்றுதானே கொடுத்திருக்கிறேன்! எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஹலோ! மரத்தாண்ட யாருங்க இருக்கறது?"

ஒரு பெண்ணின் குரல். ஓடிவந்து பேசுகிறவளைப் போல மூச்சு வாங்கியது. நான் பதில் சொல்வதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"நான் சேலத்துலருந்து தீபா பேசறேங்க. அண்ணாமலை பொண்ணு. எங்கப்பாகிட்ட ஓடிப்போயி சொல்றீங்களா? காலேஜில சீட்டு குடுத்துட்டாங்க! சாதி சர்ட்டிபிகேட் ஒரிஜினல மட்டும் நாளைக்கு மதியத்துக்குள்ள காட்டணுமாம். பொட்டியில இருக்குது, இப்பவே எடுத்துக்கினு கெளம்பச் சொல்லுங்க. இல்லன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுமாம்..."

மரத்தாண்ட!

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மலையில் இவளுடைய ஊருக்குள் சிக்னல் கிடையாது. அந்த வளைவில், அந்த மரத்தடியில்தான் கிடைக்கும். அதனால் ஊருக்குப் பொதுவாக ஒரு போனை அங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள். அடித்தால் அந்த வழியாகப் போகிறவர் எவரானாலும் எடுப்பார், செய்தியைக் கேட்டு உரியவரிடம் சேர்ப்பார். சார்ஜ் தீர்ந்து கிடந்த அதைத்தான் நான் குப்பை என்று அவிழ்த்து வந்திருக்கிறேன்!

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம். மாலை பஸ் மலைக்குக் கிளம்ப நேரம் இருந்தது. ஏறிப் போயிருக்கலாம். கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். அட, எதுவும் வேண்டாம்... "போன் இப்போ மரத்துல இல்லம்மா, நீ வேற வழி பாரு" என்று ஒரு வார்த்தை! அதைச் சொல்ல எனக்கு என்ன செலவு?

செலவு இருந்தது. "இது என் போன் இல்லைங்க" என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம் எக்ஸ்சேஞ்ச் இல்லை, ஆஃபர் இல்லை, கருநீலப் போன் கண்ணாடி அலமாரிக்குத் திரும்பிவிடும். போதாததற்கு என் வகுப்புப் பையனின் அம்மா ஒருவர் பக்கத்தில் நின்று "புதுசா டீச்சர்?" என்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் திருடியாக நிற்பதா?

"ராங் நம்பர்ம்மா" என்றேன். வகுப்பில் பேசுகிற பிள்ளையை அதட்டும் அதே குரலில்!

"இல்லீங்க, அந்த மரத்து..."

துண்டித்தேன். உடனே மறுபடியும் அடித்தது. கடைக்காரரிடம் நீட்டி, "பழைய சிம்முங்க, இனிமே வேணாம். ஒடச்சிப் போட்டுடுங்க" என்றேன். அவர் கத்தரிக்கோலை எடுத்து நறுக்கென்று இரண்டாக்கினார்.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே... அது நான்தான்!

அன்று மாலை அழுது தீர்த்தேன் என்று சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அழவில்லை. சந்தோஷமாக இருந்தேன்! செம்பருத்தியில் உட்கார்ந்த ஈயைப் படம் பிடித்தேன், ஈயின் கால் மயிர் தெரிந்தது, துள்ளிக் குதித்தேன். மரத்துப் போனைப் பள்ளிப் பெட்டியில் போட்டுவிட்டேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் இன்றுவரை அதை நம்புகிறார்.

ஆனால் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், ஒரு டவுட்டு" என்று ஆரம்பித்தால் போதும், மூச்சு வாங்கிய அந்தக் குரல்தான் காதில் கேட்டது. வேறு எண்ணுக்கு அடித்திருப்பாள், எப்படியோ சேர்ந்திருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டேதான் இருந்தது.

ஜூலை கடைசியில் ஒரு யோசனை வந்தது. பிள்ளைகள் கொண்டுவந்த பழைய போன்களில் ஒன்று நன்றாக ஓடியது. எறிவதைவிட மாற்றுவது நல்லது, மாற்றுவதைவிட மறுபடி பயன்படுத்துவது இன்னும் நல்லது... நான் நடத்திய பாடம்தானே! அதற்கு என் செலவில் சிம் போட்டேன். நல்ல கவர், நல்ல நூல். ஒரு சனிக்கிழமை தனியாகப் பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஏற எனக்குள் என்ன பரபரப்பு தெரியுமா! எல்லாவற்றையும் சரிசெய்துவிடப் போகிறேன் என்று நெஞ்சு துள்ளியது.

மரத்தடியில் ஒருவர் மரவள்ளி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கீழே போகும் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார். பள்ளியிலிருந்து வருகிறேன், ஊருக்கு ஒரு போன் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். அவர் எழுந்து கும்பிட்டார். கும்பிட்டார்... என்னை!

"இங்க ஒண்ணு இருந்துது டீச்சரம்மா. எவனோ எடுத்துக்கினு பூட்டான். போன் போனா போவுது. வெளியூர்ல இருக்கற எங்க பசங்க எல்லாத்துக்கும் அந்த நம்பருதான் மனப்பாடம்."

போனைத் திருப்பிக் கொடுக்கலாம். எண்ணை எங்கே போய் வாங்குவேன்? அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் நிறுத்தவில்லை. "எம் பொண்ணு தீபாவுக்கு சேலத்துல சீட்டு கெடச்சிது. போன் பண்ணியிருக்குது. எவளோ ஒருத்தி எடுத்து ராங் நம்பர்னு சொல்லிட்டாளாம். அப்பறம் லைனே போவலயாம். அவளே பஸ்ஸு புடிச்சி வந்து சர்ட்டிபிகேட்ட எடுத்துக்கினு ஓடனா. போயி சேர்றதுக்குள்ள சீட்டு வேற புள்ளைக்குப் பூடிச்சி. இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்குது. அந்தப் பொம்பள கொரல எங்க கேட்டாலும் கண்டுபுடிச்சிடுவேன்னு சொல்லிக்கினே இருக்கும்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது. அதற்குள் அண்ணாமலை என் கையிலிருந்த போனை ஆசையாக வாங்கி, எண்களை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு என்னிடமே நீட்டினார்.

"நீங்க டீச்சரு. அடுத்த வருசம் திரும்ப எழுதிப் போடச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. இனிமே படிப்பே வேணாங்குது. நீங்க ரெண்டு வார்த்தை சொன்னா கேக்கும்."

"ஹலோ... யாருங்க?"

அதே குரல்! ஆனால் இப்போது அதில் அந்த ஓட்டம் இல்லை. பின்னால் தையல் இயந்திரங்களின் இரைச்சல். நான் வாயைத் திறந்தேன். வாய் திறந்தால் போதும், அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

பேசாமல் துண்டித்தேன். "சிக்னல் கட்டாயிடிச்சிங்க" என்றேன் அவரிடம்.

"இங்க நல்லா எடுக்குமே" என்று அவர் போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றினார். வளைவில் பஸ் வந்தது. நான் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டேன். அவருக்கும் அதே பஸ்தான் வேண்டும். ஆனால் போன் அடித்தது, அவள்தான் திரும்பக் கூப்பிடுகிறாள். மூட்டையை மறந்து, போனை நீட்டியபடி பஸ்ஸின் பக்கமாக ஓடிவந்தார். "டீச்சரம்மா! உங்களத்தான்! பேசுங்க!" நான் எழுந்து மறுபக்கச் சன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இதோ, கல்லூரி விண்ணப்பங்கள் மறுபடியும் தொடங்கிவிட்டன. போன வாரம் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, நான் கொடுத்துவிட்டு வந்த அந்த மரத்துப் போனுக்கு அடித்தேன். தீபாவுக்கு அவள் அப்பா மூலமாக எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், என்னைத் திட்டட்டும், கோபத்திலாவது மறுபடி எழுதிப் போடட்டும் என்று!

வழியில் போன யாரோ ஒரு பெண் எடுத்தார். "யாருகிட்ட இன்னா சொல்லணும், சொல்லுங்க! ஓடிப்போயி சொல்லிட்டு வர்றேன்" என்றார். அவ்வளவு ஆர்வம் அந்தக் குரலில்! என் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், "ஹலோ, ஹலோ" என்று பொறுமையாகக் காத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் நான்தான் துண்டித்தேன்.