மதினியின் ஆடுகளும் ஒரு கொடியும்

சித்திரையில் மதினியின் ஆடுகள் இரண்டு ஒரே நாளில் செத்தன. கள்ளிக்குடிப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் கரிசல் இருக்கிறது. மானாவாரி. அண்ணன்தான் பார்க்கிறான். அங்கே மேய்ந்துவிட்டு வந்த ஆடுகள் வாயில் நுரை தள்ளி விழுந்தன. தரையோடு படர்ந்திருந்த கொடியைத் தின்றதுதான் காரணம் என்று அண்ணன் சொன்னான். மதினியும் நம்பினார்.

எனக்கு அது நரிப்பயறு என்று பட்டது. யாரும் விதைக்காமல் தானாக முளைப்பது. மழை பொய்த்து மற்றதெல்லாம் கருகினாலும் பச்சையாகக் கிடக்கும். ஏக்கர் முழுக்க விட்டால் ஆட்டுக்குத் தீவனம், மண்ணுக்கும் நல்லது. ஆனால் நான் கல்லூரி பஸ் ஓட்டுகிறவன். என் பேச்சை யார் கேட்பது?

"ஊரு ஆடெல்லாம் இதத்தான் திங்கிது. ஒண்ணுஞ் சாகலையேண்ணே."

"அது வேற கொடிடா. ஆவணி முடியப் பாப்பேன். அதுக்குள்ள படிச்சவுக யார்ட்டயாச்சும் கேட்டுச் சொல்லு. இல்ல, டிராக்டர விட்டு ஓட்டிருவேன்."

பசுமலைக்கு நான் ஓட்டும் பஸ்ஸில் தாவரவியல் டீச்சர் ஒருவர் முன் சீட்டில் வருவார். அவரிடம் இலையைக் காட்டினேன். "இலைய மட்டும் நம்ப முடியாதுண்ணே. ஒரே கொடியில நாலு விதமா இருக்கும். பூவும் காயும் கொண்டாங்க" என்றார். கரிசலில் பூ வைப்பதற்குள் ஊர் ஆடுகள் நுனியைக் கடித்துவிடும். அதனால் ஆனியில் மூன்று இளங்கொடிகளை மண்ணோடு பெயர்த்து வந்து, வில்லாபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டு மொட்டைமாடியில் சாக்குகளில் வைத்தேன்.

கொடி வளர்ந்தது. அப்படி ஒரு வளர்த்தி. ஆடி முடியப் போகிறது, ஒரு மொட்டு இல்லை.

"எம்புட்டுத் தண்ணி ஊத்துறீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"காலையில ஒரு சொம்பு."

"ஒரு சொம்புக்கு இம்புட்டு எலை வராதே. தண்ணி தாராளமாக் கெடச்சா அது ஏண்ணே பூக்கப் போகுது?"

எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். குடத்தில் பிடித்து மாடி ஏற்ற வேண்டும். களைக்கு ஊற்றுகிறேன் என்று தெரிந்தால் என் பெண்டாட்டி கொன்றுவிடுவாள் என்று, அவள் எழுவதற்கு முன்பே ஊற்றிவந்தேன். அன்று விசாரித்தால், அவளும் மத்தியானம் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். "நீங்க வச்சதோட மறந்துட்டீகன்னு நெனச்சேன்" என்றாள். கீழ்வீட்டு டெய்லர் பாயின் மனைவி, துணி எடுக்க வரும் சாயங்காலங்களில் ஒரு வாளி. அவளிடம்தான் கத்தினேன்.

"யா அல்லா! வெயில்ல வாடிருமேன்னு ஊத்துனது குத்தமாண்ணே? அப்ப நீங்களும் ஊத்துனீகளாக்கும்?"

என் பெண்டாட்டி சிரித்துவிட்டாள். குடிக்கவே தண்ணீர் தட்டுப்பாடான வீட்டில், ஒருவருக்கொருவர் தெரியாமல் மூன்று வேளை ஊற்றியிருக்கிறோம்.

எல்லாரும் நிறுத்தினோம். கொடி சுருங்கியது. அடி இலைகள் பழுத்து உதிர்ந்தன. மத்தியான வெயிலில் மிச்ச இலைகள் வெயிலுக்கு முகம் காட்டாமல் திரும்பிக்கொண்டன. செத்ததா இருக்கிறதா என்று படியேறி ஏறி முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். இரண்டு வாரம் கழித்து ஒரு மஞ்சள் பூ. பிறகு ஊசி போல மெலிந்த காய்கள். முதலில் கறுத்த காய் வெயிலில் வெடித்து விதைகளைச் சிதறடித்துவிட்டது. அடுத்ததை விடியும்போதே பறித்தேன். ஆவணி கடைசி வாரம் ஆகியிருந்தது.

பஸ் நின்றதும் டீச்சர் லென்சை வைத்துப் பூவைப் பார்த்தார், காயைப் பிளந்தார், இலைக்காம்பின் அடியில் இருந்த சின்னச் செதிலையும் விடவில்லை. "நரிப்பயறேதான். இதத் தின்னு ஆடு சாகாது. அன்னைக்கு வேற என்ன தின்னுச்சு?"

"பக்கத்துல வாடுன சோளம் நின்னுச்சு."

"வாடுன இளஞ்சோளமா? ஆட்டுக்கு அதுதானே வெசம்!"

எனக்கும் தெரியும். சோளம் போடுகிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்த அண்ணன் ஆட்டை அதற்குள் விடமாட்டான் என்றே நினைத்திருந்தேன். போன் போட்டேன்.

"சோளத்துக்குள்ள விட்டியாண்ணே?"

"டீக்கடையில உக்காந்துட்டேன்டா. வந்து பாத்தா உள்ள நிக்கிதுக. ஒங்க மதினி பிள்ள மாதிரி வளத்த ஆடு. நான் என்னன்னு சொல்ல?"

"கொடிய ஓட்டிராத."

"ஓட்டாம விட்டா அவ ஏன்னு கேப்பாள்ல."

ஜெயித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அலுப்புதான் வந்தது. "ஞாயித்துக்கிழம வாரேன். அதுக்குள்ள நீயே சொல்லிரு. இல்லேன்னா நான் சொல்லுவேன்" என்றேன். அவன் வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கொடி உழாமல் கிடந்தது. மதினி எனக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டார். வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.