டிபன் பாக்ஸ் மண்ணும் ஒரே ஒரு ஹவெவரும்

திண்டிவனத்தில் பஸ் ஏறும்போது என் கட்டுரையில் ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைத்தேன். மண்ணியல் மேற்படிப்பு உதவித்தொகைக்காக ஆங்கிலத்தில் எழுதியது. அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். கிடைக்காவிட்டால் படிப்பு இல்லை. விழுப்புரத்தில் தன் அண்ணனின் ஜெராக்ஸ் கடையைப் பார்த்துக்கொள்ளும் என் கல்லூரித் தோழியிடம் காட்டிவிட்டு, அங்கிருந்தே அனுப்புவதாகத் திட்டம்.

மோர்ஓவர், ஃபர்தர்மோர், ஆன் தி அதர் ஹேண்ட். பந்தியில் இலைக்கு இலை உப்பு வைப்பதுபோல் பத்திக்குப் பத்தி ஓர் இணைப்புச் சொல் வைத்திருந்தேன். வந்தது மறுபடி வராமல் பார்த்துக்கொண்டதில் பெருமை வேறு.

அவள் அச்செடுத்தாள். படித்தாள். பிறகு கத்தரிக்கோலால் பத்திகளைத் தனித்தனியாக வெட்டி, இணைப்புச் சொற்களை நறுக்கிக் குப்பையில் போட்டு, துண்டுகளைக் கலைத்தாள்.

"ரம்மி சீட்டு மாதிரி எப்படி வேணா அடுக்கலாம்டி இத்த" என்றாள்.

அடுக்கிப் பார்த்தேன். உண்மைதான். எந்தப் பத்தி எங்கே போனாலும் கட்டுரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மல்லாட்டைக் கொல்லையிலருந்து நேரா லேபுக்கு எப்படிடி வந்த? நடுவுல என்னா ஆச்சு, அத்த சொல்லு."

அவளுக்கே தெரிந்த கதைதான். எங்கள் நிலத்தில் வேர்க்கடலைச் செடிகள் மஞ்சளடித்தன. அப்பா மழைமேல் பழி போட்டார். நான் டிபன் பாக்ஸில் மண்ணை அள்ளிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். மதியம் புளிசாதம் என்று நம்பி அதைத் திறந்தவள் இவள். அப்புறம்தான் லேப். மண்ணில் சுண்ணாம்பு அதிகம், மஞ்சளுக்கு அதுதான் காரணம் என்று அங்கே தெரிந்தது.

"இத்த வுட்டுட்டு மோர்ஓவர் போட்டுக்கினு கீற."

கடை மேசையில் நின்றபடியே எழுதினேன். ஒரு பத்தி டிபன் பாக்ஸைக் கையில் எடுத்தது. அடுத்தது அதைத் திறந்தது. அவள் மறுபடி வெட்டிக் கலைத்தாள். இந்த முறை ஒரே வரிசையில்தான் அடுக்க முடிந்தது. ஒரு ஹவெவரை மட்டும் வைத்துக்கொண்டேன்: மழைதான் காரணம் என்றார் அப்பா; ஹவெவர், அதே மழையில் பக்கத்துக் கொல்லை பச்சையாக இருந்தது.

மாலைக்குள் அனுப்பிவிட்டேன். நேர்காணலுக்கு அழைத்தார்கள். முதல் கேள்வி, டிபன் பாக்ஸைத் திறந்த அந்தத் தோழி அன்று என்ன சாப்பிட்டாள் என்பது. கேன்டீன் பரோட்டா, என் செலவில் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

உதவித்தொகை கிடைத்தது. சேதி சொன்னபோது அவள் கேட்டது இன்னொரு பரோட்டா.